ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்

1973-ஆம் வருடம், பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டியிருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், இரண்டு நர்ஸ், ஓர் ஆயா, பத்துப் படுக்கை. எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வருடம் நடந்த இரண்டு விஷயங்களை எழுதுகிறேன். முதலாவதை ஊரே பேசியது. இரண்டாவதை அன்றைக்கு எங்கள் டாக்டரிடம் சொன்னதைத் தவிர இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர்களுக்குக் காதுதான் முதலில் கெடும். ஆழத்துக்குப் போய்ப் போய்ச் சீழ் வடியும், சிலருக்கு ரத்தமும் வரும். சீசன் நேரத்தில் வாரத்துக்கு ஒருநாள் கடற்கரைக் கொட்டகைக்குப் போய் அவர்களுக்குக் காது சுத்தம் பண்ணி மருந்து விடுவோம். அன்றைக்கு நான் முதலிலேயே போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்ததும் வருவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

மதியம் வள்ளங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. கரைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வள்ளத்தின் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட ஒருவர் குதித்தார். காலையெல்லாம் ஆழத்தில் முங்கி எழுந்த மனிதருக்கு அந்த இடம் முழங்கால் தண்ணீர் மாதிரி. கயிறு காலில் சுற்றிக்கொண்டது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் இரண்டு பேர் குதித்துக் கயிற்றை அறுத்து அவரை மேலே கொண்டுவந்தார்கள்.

கரைக்கு வந்ததும் திடகாத்திரமான ஓர் ஆள் அவரைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓட ஆரம்பித்தார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து, "வருது, வருது" என்று எல்லோரும் கத்தினார்கள். நான் பின்னாலேயே ஓடி, "கீழ போடுங்க, கீழ போடுங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கூட்டத்தில் வயதான ஒருவர்தான், "ஏலே, நர்சம்மா சொல்லுதுல்லா, எறக்குங்கலே" என்று அதட்டினார்.

இறக்கிப் போட்டார்கள். முகம் கறுத்து, உதடு நீலமாக இருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். நூல் மாதிரி ஒரு துடிப்பு இருந்தது. மூச்சு இல்லை.

நான் படித்தது வேறு ஜில்லாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே இதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த ரப்பர் பொம்மை ஒன்று இருந்தது. அதன் வாயில் வாய் வைத்து ஊதினால் நெஞ்சு எழும்பும். நாங்கள் முப்பது பெண்களும் ஒவ்வொருத்தியாக ஊதி, ஸ்பிரிட் பஞ்சால் அதன் வாயைத் துடைத்து, அடுத்தவளைப் பார்த்துச் சிரித்து உருண்டோம். அந்தப் பொம்மைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். பரீட்சையில் எனக்கு அதில்தான் நல்ல மார்க்.

சேலைத் தலைப்பை விரலில் சுற்றி, அவர் வாயிலிருந்த நுரையையும் மணலையும் வழித்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் வாயை வைத்து ஊதினேன். அதுவரை இரைந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. உப்பும் பீடியும் கலந்த அந்த ருசி இன்றைக்கும் எனக்குத் தெரியும். எத்தனை தடவை ஊதினேன் என்று எண்ணவில்லை. என் கண்ணில் பூச்சி பறந்தது. திடீரென்று அவர் வயிறு குலுங்கி, என் முகத்திலும் மாரிலும் வாந்தி எடுத்தார். அதைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. புரட்டிப் படுக்க வைத்தேன். இருமினார். இழுத்து இழுத்து மூச்சுவிட்டார்.

அந்த நேரம் டாக்டர் கார் வந்தது. அதிலேயே ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் பறக்கிற மாதிரிதான் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் சேதி போயிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து என் சேலையைப் பார்த்தாள். வாந்திக் கறையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எல்லாரும் பாக்கவா செஞ்சே?"

நான் சேலையை மாற்ற உள்ளே போனேன். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, "ஒன்னயக் குத்தம் சொல்லல. ஆனா அங்கன வேற ஆளே இல்லியா?" என்றார். வேறு ஆள் நாற்பது பேர் இருந்தார்கள் அப்பா, ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை உண்டு. நான் கடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போடுவார்கள். ஒருவன், "எனக்கும் மூச்சு நின்னுட்டு சிஸ்டர்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வான். குடத்தோடு நிற்கும் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்கார வந்த ஒருத்தி இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மணப்பாடு ஊர்க்காரர், கப்பலில் வேலை. ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதாகப் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமா மட்டும் வந்தார். நல்ல மனிதர். காப்பியை ஆறவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல பாத்துக்கிடுங்க. ஊர்ல சொல்லுதாவ. நாளைக்குக் கப்பல்ல கூட வேல பாக்கவன் இதச் சொல்லிச் சிரிப்பாம்லா" என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அந்தக் காப்பியை அவர் குடிக்காமலே போனார்.

பிப்ரவரி கடைசியில், காப்பாற்றப்பட்டவரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஓலைப்பெட்டியில் பெரிய சீலா மீன் ஒன்று கொண்டுவந்திருந்தாள். ஒருத்தியாவது வந்தாளே என்று அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவள் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒங்களுக்குக் கோடி புண்ணியம் சிஸ்டர். எம்புள்ள தகப்பன் மொகத்தப் பாக்குது. ஆனா ஒரு ஒதவி செய்யணும். ஆரு கேட்டாலும் டாக்டர்தான் செஞ்சாவன்னு சொல்லிருங்க. கூடத் தொழிலுக்குப் போறவனுவ இவியள உண்டு இல்லன்னு ஆக்குதானுவ. வள்ளத்துல ஏற மாட்டேன்னு வீட்டுலயே கெடக்காவ."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் போனபிறகு ஆயா அந்த மீனை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் தைரியம் இல்லை.

கொஞ்ச நாளில் ஊரிலும் டாக்டர்தான் காப்பாற்றினார் என்றே பேச்சு மாறியது. டாக்டர் அதை மறுக்கவில்லை. அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ செஞ்சதுதாம்மா சரி. ஆனா ஊர்ல இருக்கணும்லா? இனிமே ஆம்பளக் கேசுன்னா கம்பவுண்டர் செய்யட்டும். நீ அவருக்குச் சொல்லிக் குடு" என்றார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

கம்பவுண்டர் அண்ணாச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல். எந்நேரமும் வாயில் வெற்றிலை. தலையணையை மேசைமேல் போட்டு, இப்படி மூக்கைப் பிடிக்கணும், இப்படி நெஞ்சை அழுத்தணும் என்று காட்டினேன். இரண்டு தடவை அழுத்திவிட்டு, "தலகாணிக்கு உசுரு வந்துட்டுன்னா நான் பொறுப்பில்ல தாயி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு பாடம் முடிந்தது.

ஆடி மாதம். காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலைநேரம். திருச்செந்தூர் ரோட்டில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் மனைவியோடு பஸ்ஸில் வந்திறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கருப்பட்டிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். விடியற்காலையிலிருந்து நெஞ்சு கரித்துக்கொண்டிருக்கிறதாம். வாயு என்று நினைத்து இரண்டு சோடா குடித்தாராம். முகமெல்லாம் வியர்வை. டாக்டர் பக்கத்துத் தெருவில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். அவரைக் கூட்டிவர ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு நர்ஸை அனுப்பினேன். கடைக்காரரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுக்க உள்ளே திரும்பினேன்.

பின்னால் சத்தம் கேட்டது. அவர் பெஞ்சிலிருந்து சரிந்து கீழே கிடந்தார்.

மல்லாக்கப் படுக்கவைத்தேன். கழுத்தில் விரல் வைத்தேன். துடிப்பு இல்லை. மீன் வாய் திறக்கிற மாதிரி ஒன்றிரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அது மூச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும், ஊத வேண்டும், உடனே ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆள் நம்மைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருப்பார் என்று படித்திருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன். சீட்டுக்குக் காத்திருந்தவர்கள் இருபது பேர் சுற்றி நின்றார்கள். அவர்களில் அந்த டீக்கடைப் பெஞ்சுப் பையன்களில் ஒருவனும் இருந்தான், கையில் கட்டுப் போட வந்தவன். அவன் உதட்டைக் குவிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"கம்பவுண்டர் அண்ணாச்சியக் கூப்பிடு, ஓடு" என்று ஆயாவை விரட்டினேன்.

விரட்டிவிட்டு, அவர் பக்கத்தில் முட்டி போட்டுக் காத்திருந்தேன்.

சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சட்டைப் பித்தானைக் கழற்றினேன். கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி முகத்தில் தெளித்தேன். உயிரைக் கொண்டுவருகிற அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன். ஒரு கையை மட்டும் அவர் கழுத்தை விட்டு எடுக்கவில்லை. அவர் மனைவி என் தோளைத் தொட்டு, "என்ன செய்து நர்சம்மா? மயக்கமா?" என்று கேட்டாள்.

"மயக்கந்தாம்மா. டாக்டர் வந்துருவாவ" என்றேன்.

எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. அண்ணாச்சி தெருமுக்குக் கடையில் வெற்றிலை வாங்கப் போயிருந்தாராம். அவர் உள்ளே நுழைந்தபோது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நானா?" என்பதுபோல என்னைப் பார்த்தார். வாய் நிறைய வெற்றிலை. வெளியே ஓடித் துப்பி, குழாயடியில் கொப்பளித்துவிட்டு வந்தார். அந்தக் குழாய்ச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வந்து உட்கார்ந்து ஊதினார். மூக்கைப் பிடிக்க மறந்துவிட்டார். காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. அப்புறம்தான் நான் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். அவர் வாய் வைத்துவிட்டதால் இனி நான் கை வைக்கலாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று அனுமதி கொடுத்தது.

டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். அழுத்தினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அப்புறம் அதைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அலறியது வேண்டாம். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. வண்டி வந்து அவரை எடுத்துப்போகும் நேரத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் அவியள விட்டுக் கைய எடுக்காம இருந்தீயளே தாயி, நல்லா இருக்கணும்" என்றாள்.

டாக்டர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று அப்படியே சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "பெரிய அட்டாக். யார் இருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. மனசுல வச்சுக்காதே" என்றார். இருக்கலாம். நான் உடனே ஆரம்பித்திருந்தாலும் அவர் இறந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அதற்குமேல் எங்களிடம் கருவியும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன்.

சாயங்காலம் டீக்கடையைக் கடந்து போனேன். யாரும் சத்தம் போடவில்லை. வீட்டில் அம்மா, "ஒரு ஆளு செத்துட்டாராமே? கம்பவுண்டர்தான் செஞ்சாராம்லா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தட்டில் இன்னும் இரண்டு துண்டு மீன் வைத்தாள்.

ஒரு ஆள் பிழைத்ததற்கு அந்த ஊர் எனக்குக் கொடுத்த தண்டனையைச் சொன்னேன். ஒரு ஆள் செத்ததற்கு ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலில் பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வருடம் ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் சங்கு குளிக்கிற அந்த மனிதரை எதிரே பார்த்தேன். தோளில் குழந்தையை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். அன்றைக்கு அது எனக்கு வலிக்கவில்லை. எனக்கும் அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த வருடமே வேறு ஊரில் அரசு வேலை கிடைத்துப் போய்விட்டேன். முப்பத்தொரு வயதில் கல்யாணம் நடந்தது. கணவரிடம் கரையில் பிழைத்தவரைப் பற்றிச் சொன்னேன். அவர் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெஞ்சிலிருந்து சரிந்தவரைப் பற்றி அவர் இறக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. பிற்பாடு நர்ஸ் பள்ளியில் பாடம் எடுத்தேன். மூச்சு கொடுப்பதையும் நெஞ்சை அழுத்துவதையும், பொம்மை ஆண் என்றால் பெண், பெண் என்றால் ஆண் என்று மாற்றி மாற்றிச் செய்யவைத்துத்தான் பாஸ் போட்டேன். யாராவது சிரித்தால் வெளியே அனுப்பிவிடுவேன். ரொம்பக் கடுமையானவள் என்று எனக்குப் பெயர். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்களுக்கே ஒரு புதுப்பயிற்சி வைத்தார்கள். பாடம் எடுத்த டாக்டர் என் மகள் வயதுப் பெண். திடீரென்று விழுந்த ஆளுக்கு முதலில் கைதான், உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிடு என்றாள். ஊதுவதற்குக் கருவி வரும்வரை, வாய் வைக்க யாருக்காவது தயக்கமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அழுத்துவதை மட்டும் நிறுத்தாதே, அதுவே ஆளைப் பிடித்துவைக்கும் என்றாள். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே போய், தாழ்வாரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வாயைக்கூட வைத்திருக்க வேண்டாம். இருபது பேர் பார்க்க ஓர் ஆணின் நெஞ்சில் இரண்டு கையை வைத்து அழுத்தியிருந்தால் போதும். ஊர் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கும்?

கரையில் ஓர் உயிரைக் கொண்டுவந்தவள் என்று இன்றைக்கும் யாராவது என்னைப் புகழ்ந்தால் என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடிவதில்லை, ஏனென்றால் தெரியாமல் விட்டவர்களுக்கு மன்னிப்பு உண்டு, தெரிந்துகொண்டே ஐந்து நிமிடம் காத்திருந்த எனக்கு அதைக் கொடுக்க வேண்டிய ஆள் அன்றைக்கே போய்விட்டார்.